முருங்கைக்கீரை ஆய்ந்த மத்தியானம்

முருங்கைக்கீரையை அவசரப்பட்டு ஆய முடியாது. பவுனுத்தாய்க்கு இது தெரியாத விஷயம் இல்லை. ஈர்க்கின் நுனியைப் பிடித்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக உருவினால் இலை கொத்தாகக் கையோடு வந்துவிடும். கூடவே காம்பும் வந்துவிடும். காம்பு கலந்தால் ரேணுகா ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவாள். தொண்டையில குத்துதும்மா என்பாள். எட்டு மாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மகள் அப்படிச் சொல்லும்போது அதட்டவும் மனம் வராது. அதனால் ஒவ்வொரு இணுக்காக எடுத்து, இலையை மட்டும் கிள்ளி முறத்தில் போட வேண்டும். பழுத்த இலை ஒரு பக்கம், பூச்சி அரித்த இலை ஒரு பக்கம், சிலந்தி நூல் சுற்றியதை நன்றாகப் பிரித்துப் பார்த்த பிறகு. பின்வாசல் படியில் சாக்கை விரித்து அவள் உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும், முறத்தின் அடி இன்னும் மறையவில்லை. முப்பது வருஷமாகத் தேயிலைக் கொழுந்து கிள்ளிய விரல்கள் அவை. கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் ஏறிய கறுப்பு எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. எஸ்டேட்டில் அவள் பறிக்கிற வேகத்தைப் பார்த்து சூப்பர்வைசரே, பவுனு கைக்கு மிஷின் பிச்சை வாங்கணும் என்று சொன்னதுண்டு. அந்த விரல்கள் இன்றைக்கு ஒரு கட்டுக் கீரையில் தடுமாறின. உள்ளே பாயில் ரேணுகா புரண்டு படுத்தாள். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் கலகலவென்று ஒரு தரம் சத்தம் போட்டு அடங்கின. தூங்கட்டும். தூங்குகிறவரை ஒன்றும் கேட்க மாட்டாள். காலையில் நர்ஸ் கேட்டதற்குப் பவுனுத்தாய் 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. இந்த எண்ணம் வந்ததும் பவுனுத்தாய் அதைப் பழுத்த இலையைப் போலத் தனியே எடுத்துப் போட்டாள். அடுத்த இணுக்கை எடுத்தாள். அதிலும் அதுவே இருந்தது.

பெனிட்டா சிஸ்டர் பத்து மணிக்கு வந்தாள். தூறலில் குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வரிசையாக வீடுகள் ஒட்டி நிற்கும் எஸ்டேட் லைனில் அவர்கள் வீட்டின் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து மடியில் நோட்டை விரித்தாள். அவளுக்கு முப்பது வயதுதான் இருக்கும். நாலு டிவிஷனுக்கும் நடந்தே போகிறவள், கோபக்காரி இல்லை. ஆனால் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தபோது அவள் முகத்தில் ஒரு அலுப்பு வந்தது. ஐந்தாம் மாதத்தில் எட்டரை பாயிண்ட், ஆறாம் மாதத்தில் எட்டு, போன மாதம் ஏழே முக்கால். ரத்தம் ஏற வேண்டிய காலத்தில் இறங்கியிருந்தது. அந்த அலுப்பைத்தான் பவுனுத்தாயால் தாங்க முடியவில்லை. என்ன சாப்பாடுதான் போடுகிறாய் என்று வாயால் கேட்காமல் முகத்தால் கேட்பது போல இருந்தது. "கீரை குடுக்குறீங்களாக்கா?" "வாரத்துல மூணு நாள்." "கேழ்வரகு?" "தினமும் காலையில களி. ஒத்துக்கலேன்னா கூழ்." "மாத்திரை?" "ரெண்டு வேளையும் என் கண்ணு முன்னாலதான் போடுறா சிஸ்டர்." நர்ஸ் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "டீயோட சேத்துக் குடுக்கறதில்லையே? சில பேரு மாத்திரையையே டீயில முழுங்குறாங்க" என்றாள். "இல்ல" என்றாள் பவுனுத்தாய். யோசிக்கவே இல்லை. அந்த வார்த்தை வாயில் காத்துக்கொண்டிருந்தது போல வந்தது. நர்ஸ் எழுதினாள். எழுதிய பிறகுதான் காரணம் சொன்னாள்: "குடுத்துடாதீங்க. கீரை, கேழ்வரகு, மாத்திரை எல்லாத்துலயும் இருக்கிற இரும்புச் சத்தைத் தேயிலை பிடிச்சு வெச்சுக்கும், உடம்புல ஒட்ட விடாது. சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் டீ ஆகவே ஆகாது." அப்புறம் பேனாவை மூடிக்கொண்டு, "ஒழுங்கா சாப்பிட்டும் இறங்குதுன்னா வேற ஏதோ இருக்கு. திங்கக்கிழமை டெஸ்டுக்குக் கூட்டிட்டு வாங்க. ஒம்போதாவது தாண்டலேன்னா டாக்டர் கீழ அனுப்பிடுவாரு, பிரசவம் பொள்ளாச்சி பெரிய ஆஸ்பத்திரியிலதான். துணிமணி எடுத்துக் கட்டி வெச்சுக்கங்க" என்றாள். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வீட்டு வாசலில் அவள் சிரித்துப் பேசுவது கூடக் கேட்டது. நோட்டில் அந்த 'இல்லை' மட்டும் அவளோடு போய்விட்டது.

டீயோடுதான். எல்லாமே டீயோடுதான். களிக்கு டீ, சோற்றுக்கு டீ, மாத்திரைக்கு டீ. பால் இல்லாத வர டீ, சர்க்கரை தூக்கலாக, பெரிய டம்ளரில் நுரை நிற்க. அதில் என்ன இருக்கிறது என்று யாராவது யோசிப்பார்களா? தண்ணீரில் என்ன இருக்கிறது என்று யோசிப்பதில்லை அல்லவா? இந்த மலையில் அரிசி கீழேயிருந்து வருகிறது, பருப்பு கீழேயிருந்து வருகிறது, தக்காளியும் வெங்காயமும் லாரியில் வளைந்து வளைந்து ஏறி வந்து சேரும்போது விலையும் கூடவே ஏறியிருக்கும். டீத்தூள் ஒன்றுதான் விலை இல்லாமல் வீட்டுக்கு வருவது. அவள் புருஷன் கருத்தப்பாண்டி பேக்டரியில் கொழுந்து வறுக்கிற பக்கம் வேலை பார்க்கிறான். மாசா மாசம் எஸ்டேட் கொடுக்கிற தூளை அவன் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டு வருவான். கைக்கு அடங்காமல் இருப்பது அது ஒன்றுதான். அதனால் அது ஒன்றைத்தான் தாராளமாகக் கொடுத்தாள். ரேணுகா வந்த புதிதில் அந்தச் சிவப்பு மாத்திரையை வாயில் வைத்ததும் துருப்பிடித்த ஆணி நாத்தம் அடிக்குதும்மா என்று குமட்டினாள். மூன்று நாள் வாந்தி. நாலாம் நாள் பவுனுத்தாய்க்கு ஒரு யோசனை தோன்றியது; சூடாக ஒரு டம்ளர் டீயைக் கையில் கொடுத்து, மாத்திரையை நாக்கில் வை, மடக்கென்று குடி என்றாள். மாத்திரை இறங்கிவிட்டது. ரேணுகா கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். அன்றைக்குப் பவுனுத்தாய்க்கு எவ்வளவு பெருமையாக இருந்தது. பக்கத்து வீட்டு லூர்தம்மாவிடம் கூடச் சொன்னாள், என் மக இப்ப மாத்திரையை மிட்டாய் மாதிரி முழுங்குறா என்று. அந்த டம்ளரை நீட்டியது இந்தக் கை. இதோ இலை கிள்ளுகிற இதே கை. மூன்று மாசம், ஒரு நாள் தவறாமல். கையை ஒரு தரம் புடவையில் துடைத்துக்கொண்டாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

என்ன பாடுபட்டுச் சேர்த்தது. இந்த முருங்கை மலையில் வராது, குளிரில் கொம்பு அழுகிப் போகும்; ஆனைமலையில் அவள் தம்பி வேலியில் இருந்து ஒடித்து ஈரச் சாக்கில் சுற்றி முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறான். கண்டக்டர் சாக்கை இறக்கும்போது, யக்கா உங்க பொண்ணுக்குக் குழந்தை பிறந்தா அதுக்கு முருங்கைன்னு பேரு வையுங்க என்று கேலி பண்ணுவான். மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், நல்ல பையன். முதல் மாசம் படம் போட்ட சத்து பானம் ஒரு டப்பா வாங்கி அனுப்பினான். அந்த ஒரு டப்பா விலைக்குக் கேழ்வரகு, கறுப்புக் கொண்டைக்கடலை, நிலக்கடலை, வெல்லம், நெத்திலிக் கருவாடு எல்லாம் ஒரு மாசத்துக்கு வாங்கலாம் என்று அவள் டவுனில் கடை கடையாக நின்று விசாரித்துவிட்டு, இனிமே டப்பா வேண்டாம் தம்பி, பணமா அனுப்புங்க என்று போனில் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குத் தன்னைப் பற்றி நல்ல எண்ணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போய், காய்கறிக் கடைக்காரன் சாக்கை உதறிக் கட்டுகிற நேரம் பார்த்து, அடிபட்ட பீட்ரூட்டையும் வாடிய அவரைக்காயையும் கூறு விலைக்கு வாங்குவாள். கறிக்கடையில் சுவரொட்டிக்கு, அதாவது ஆட்டு மண்ணீரலுக்கு, சொல்லி வைத்து, வேறு யாரும் தூக்கிப் போய்விடாமல் விடிகாலையிலேயே போய் நிற்பாள். கேழ்வரகை மூட்டையாக வாங்கினால் கிலோவுக்கு எவ்வளவோ குறையும், ஆனால் மூட்டையாக வாங்கி எங்கே வைப்பது? தானிய வாசனைக்கு யானை வரும். போன மழைக்காலத்தில் கடைசி வீட்டுச் சமையலறைச் சுவரை உடைத்து ரேஷன் அரிசியையும் உப்பையும் தின்றுவிட்டுப் போயிற்று. அதனால் கிலோ கிலோவாக, கூடுதல் விலைக்கு வாங்கி, அந்தச் சத்து பானக் காலி டப்பாவிலேயே போட்டு இறுக மூடி வைத்தாள். யானைக்குக் கூட வாசனை போகாமல் மூடத் தெரிந்தது. யானைக்குப் பயந்துதான் பின்னால் இருந்த கொய்யா மரத்தையும் வெட்டினார்கள். இப்போது அதன் அடிக்கட்டை மட்டும் நிற்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் போனுக்கு சிக்னல் கிடைக்கும்; வீட்டுக்குள்ளே எங்கேயும் கிடைக்காது. மாத்திரையோடு கொய்யாப்பழம் தின்றால் நல்லது என்று நர்ஸ் அடுத்த வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தபோது அவள் அந்தக் கட்டையைத்தான் பார்த்தாள்.

மலையில டீத்தூளைத் தவிர என்னங்க விளையுது? இது சம்பந்தி நாச்சம்மா கேட்டது, வளைகாப்பு அன்றைக்கு. பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, சிரித்த முகத்தோடு. "எங்க ஊர்ல இருந்தா வாசல்ல மாடு இருக்குது, தோட்டத்துல கீரை இருக்குது, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல பத்து நிமிசம். தலைப்பிரசவம் தாய்வீட்லதான்னு நீங்க ஒத்தைக்கால்ல நிக்கறீங்க. நிக்கறது நில்லுங்க, புள்ளைய வெறும் டீத்தண்ணியக் குடிக்க வெச்சு அனுப்பிடாதீங்க." பந்தி சிரித்தது. பவுனுத்தாயும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "என் மகளுக்கு என்ன போடணும்னு எனக்குத் தெரியும் சம்பந்தி, பத்து பாயிண்ட் ரத்தத்தோட உங்க கையில குடுக்கறேன்" என்றாள். அந்த அம்மாள் சொன்னது விளையாட்டுக்கு. விளையாட்டுக்குச் சொன்னதுதான் அப்படியே நடந்திருக்கிறது. ஊரார் வளைகாப்புக்குக் காத்திருந்து ஏழாம் மாதம் கூட்டி வருவார்கள். இவள் பிடிவாதமாக ஐந்தாம் மாதத்திலேயே திருப்பூருக்குப் போய் அழைத்து வந்தாள். ஒற்றை ரூமில் பரோட்டாவும் பாக்கெட் சேமியாவும் தின்றுகொண்டிருக்கிறாளே, மூன்று மாசம் கையோடு வைத்து நல்ல சாப்பாடு போட்டால் தேறிவிடுவாள் என்று. அந்தப் பரோட்டாவையே தின்றிருந்தாலும் எட்டரை எட்டரையாகவே இருந்திருக்குமோ. இல்லை, அப்படி இருக்காது. இல்லை. மறுபடியும் அந்த வார்த்தை. காலையில் அதைச் சொல்லாமல், ஆமா சிஸ்டர், டீயோடதான், எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் என்ன? நர்ஸ் கடிந்துகொண்டிருப்பாள். ரேணுகாவும் சுவர் ஓரமாக உட்கார்ந்துதான் இருந்தாள். நர்ஸ் கேட்டதையும் அம்மா சொன்னதையும் அவள் கேட்டிருப்பாளோ? அவள் அப்போது போனில் புருஷன் அனுப்பிய பழைய செய்திகளைத் தேய்த்துத் தேய்த்துப் படித்துக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால் நிமிர்ந்து பார்த்திருப்பாள். பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதில் வந்த நிம்மதியை நினைத்து இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தூறல் நின்று, தேயிலைச் சரிவிலிருந்து மஞ்சு மெல்ல ஏறி வந்தது. இந்த மாதிரி மஞ்சில்தான் அக்காவைக் கொண்டுபோனார்கள். அதை நினைக்க வேண்டாம். முறம் பாதி நிறைந்திருக்கிறது, இன்னும் ஆறு கொத்து. பொள்ளாச்சிக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் பலகை நட்டு எண் எழுதியிருப்பார்கள், இறங்கும்போது நாற்பதிலிருந்து ஒன்று வரை குறைந்துகொண்டே போகும். பவுனுத்தாய்க்குப் பதினேழு வயது. எஸ்டேட் ஜீப்பின் பின் சீட்டில் அவள் மடியில் அக்கா வெள்ளத்தாயின் தலை இருந்தது. பிள்ளை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. அவள் எண்களை எண்ணிக்கொண்டே வந்தாள், ஒன்று வந்துவிட்டால் போதும், ஒன்று வந்துவிட்டால் ஆஸ்பத்திரி என்று. இருபத்தி இரண்டில் அக்காவின் கை கனத்தது. அதற்கப்புறமும் அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை. யாரிடமும் அதைச் சொன்னதில்லை. செத்துப்போன பிறகும் இருபத்தி ஒன்று, இருபது என்று எண்ணிக்கொண்டு போனதை யாரிடம் சொல்வது? எல்லாரும் வெள்ளத்தாயின் நிறத்தைத்தான் சொல்வார்கள். பேருக்கு ஏற்ற வெளுப்பு, வெயில் படாத காட்டில் பிறந்தவள், பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பார்கள். உள்ளங்கை கூட வெள்ளையாக இருக்கும். அது நிறமே இல்லை, ரத்தம் இல்லாதது என்று இந்த நிமிஷம் வரை அவளுக்குத் தோன்றியதில்லை. கையிலிருந்த இணுக்கு அப்படியே நின்றது. அக்காவின் பாய்க்குப் பக்கத்திலும் எப்போதும் ஒரு தூக்குவாளி இருக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்குக் குளிரக் கூடாது என்று அம்மா மூன்று வேளையும் டீ ஊற்றி வைப்பாள். அப்படியென்றால். இல்லை, அதெல்லாம் யாருக்குத் தெரியும், முப்பது வருஷத்துக்கு முந்தியது, ஒரு தூக்குவாளியா ஆளைக் கொல்லும், அக்காவுக்கு வேறு என்னவெல்லாமோ இருந்திருக்கும். இருந்திருக்கும். ஆனால் மனம் அந்தத் தூக்குவாளியை விட்டு நகர மறுத்தது. அதன் மூடியில் ஒரு நசுங்கல் இருந்தது கூட ஞாபகம் வந்தது. நேற்று ரேணுகா களி தின்றுவிட்டுக் கை கழுவும்போது அவள் உள்ளங்கையைப் பார்த்தாயே, என்ன நிறம்? நேற்று அவள் அதைப் பார்த்து, திருப்பூர் போய் நிறம் வந்துருச்சு பாரு என்று சொன்னாள். ரேணுகாவும் கையைத் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

"என்ன பவுனு, இன்னைக்குள்ள ஆஞ்சு முடிப்பியா, இல்ல பேரன் வந்துதான் மிச்சத்த ஆயணுமா?" லூர்தம்மா தன் பின்வாசலில் குந்தி, கையில் டம்ளரோடு கேட்டாள். அவளும் முப்பது வருஷம் ஒரே நிரையில் கொழுந்து பறித்தவள். அவள் மருமகளும் இரண்டாவது பிள்ளையை வயிற்றில் வைத்திருக்கிறாள். "நர்ஸ் என்ன சொல்லிச்சு? எங்க வீட்லயும் ரொம்ப நேரம் உக்காந்திருந்துச்சு. கொய்யாப்பழம் குடுங்கறா, முட்டை குடுங்கறா. நான் சொன்னேன், தாயி, மரத்த யானைக்குக் குடுத்தாச்சு, முட்டைய வேணா அடுத்த தடவ நீயே கொண்டாந்துருன்னு." பவுனுத்தாய் சிரிப்பு வராமல் சிரித்தாள். "திங்கக்கிழமை டெஸ்ட்டாம்" என்றாள். "உனக்கென்ன, உன் மக ரத்தம் பத்துக்கு மேலதான் நிக்கும். நீ போடுற சோத்துக்கு நானே உன் வீட்டுக்குப் பிள்ளைத்தாய்ச்சியா வந்துரலாம்னு பாக்கறேன். டீ ஊத்தட்டுமா, கொதிக்கக் கொதிக்க இருக்கு?" "வேண்டாங்கா." "வேண்டாமா? பவுனா டீ வேண்டாங்கறது? உடம்பு சுகமில்லையா?" லூர்தம்மா கேலியாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே எழுந்து போனாள். நர்ஸ் அந்த வீட்டிலும் டீயைப் பற்றிச் சொல்லியிருப்பாளா? சொல்லியிருந்தால் லூர்தம்மா அதை ஒரு கதையாக்கியிருப்பாள். சொல்லவில்லை. இங்கே கேட்டபோது 'இல்லை' என்று பதில் வந்ததால், இந்த லைனில் அப்படிப் பழக்கம் இல்லை போலும் என்று விட்டிருப்பாளோ. அந்த ஒரு வார்த்தை எத்தனை வீடு தாண்டிப் போகிறது.

சத்தம் இல்லாமல் நிறுத்திவிடலாம். இன்றைக்கே. டீத்தூள் நமுத்துப் போச்சு என்று சொல்லலாம், பித்தம் கூடும் என்று சொல்லலாம், மாத்திரைக்கு வெந்நீர் கொடுத்துவிட்டு நாக்கில் ஒரு சொட்டுத் தேன் தடவலாம். யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. மத்தியானச் சோற்றுக்கே அவள் டீ போடவில்லை. ரேணுகா கேட்டபோது, அப்புறம் போட்டுத் தாரேன், மாத்திரையும் எந்திரிச்சுப் போட்டுக்கலாம், நீ படு என்று சொல்லிவிட்டாள். அந்த 'அப்புறம்' இனிமேல்தான் வர வேண்டும். அவள் எழுந்திருக்கும்போது வரும். ஆனால் திங்கட்கிழமைக்கு இரண்டு நாள்தான். இரண்டு நாளில் ரத்தம் என்ன ஏறும்? சீட்டில் அதே ஏழே முக்கால்தான் இருக்கும். நோட்டில் 'மாத்திரை ஒழுங்காக எடுக்கிறார், டீ இல்லை' என்று நர்ஸ் கையெழுத்தில் இருக்கும். டாக்டர் அதைப் படித்துவிட்டு, அப்படியானால் வேறு என்னவோ என்பார். கீழே அனுப்புவார். நாற்பது, முப்பத்தி ஒன்பது, முப்பத்தி எட்டு. அங்கே இருக்கிறவர்கள் இல்லாத நோயைத் தேடுவார்கள். தேடுகிற நாளெல்லாம் என்ன ஆகும்? நாச்சம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பாவம், புள்ள எளைச்சுட்டா, சூடா ஒரு டீ குடி சாமி என்று வாங்கிக் கொடுப்பாள். அவளும் அன்பாகத்தான் கொடுப்பாள். வேண்டாம் என்று அவளிடம் யார் சொல்வது, எப்படித் தெரிந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? பவுனுத்தாய் எந்தப் பக்கம் போனாலும் அந்த வார்த்தை முன்னால் வந்து நின்றது. எழுதினதை அழிக்கிறதுக்கு வேறு வழி இல்லை, சொன்ன வாய்தான் சொல்ல வேண்டும். ஆனால் சொன்னால் லைன் முழுக்கத் தெரியும். மூன்று மாசமாகக் கீரைக்காரி என்று கேலி பண்ணி, உள்ளுக்குள் மெச்சிக்கொண்டிருக்கிற எட்டு வீட்டுக்கும் தெரியும். கருத்தப்பாண்டிக்குத் தெரியும், அவன் நனையாமல் கொண்டு வந்த தூள். அவன் ஒன்றும் சொல்ல மாட்டான், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பான், அதுதான் கொடுமை. கடைசிக் கொத்து கையில் இருந்தது. அவள் அதைக் கிள்ளவில்லை. உள்ளே வளையல் சத்தம் கேட்டது. பிறகு அடுப்பு பற்றவைக்கிற சத்தம். பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம். ரேணுகா எழுந்துவிட்டாள், கீரை ஆய்கிற அம்மாவைக் கூப்பிட வேண்டாம் என்று தானே போட்டுக்கொள்ளப் போகிறாள்.

பவுனுத்தாய் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். முழங்கால் மரத்திருந்தது. உள்ளே போய்த் தடுத்திருக்கலாம், நாலு எட்டுத்தான். ஆனால் உள்ளே போனால் டீத்தூள் நமுத்துப் போச்சு என்றுதான் தன் வாய் சொல்லும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பிலிருந்த போனை எடுத்துக்கொண்டு ஈரப் புல்லில் நடந்து கொய்யாக் கட்டையின்மேல் ஏறினாள். இரண்டு பாதமும் அடங்குகிற அகலம்தான் இருந்தது. போனை உயரத் தூக்கிப் பிடித்த பிறகு சிக்னல் மூன்று கோடாக வந்தது. நர்ஸின் நம்பரை அழுத்தினாள், அந்தப் பக்கம் போன் மணி நாலு தரம் அடித்தது. "சிஸ்டர், மேல் டிவிஷன் பவுனுத்தாய் பேசறேன். ரேணுகா அம்மா." "சொல்லுங்கக்கா, வலி எதுவும் வந்துருச்சா?" "இல்ல" என்றாள். அதே வார்த்தை, இந்தத் தடவை உண்மை. "காலையில நான் சொன்னது பொய் சிஸ்டர். மாத்திரையே டீயிலதான் முழுங்கறா. களிக்கும் டீ, சோத்துக்கும் டீ. மூணு மாசமா. நான்தான் போட்டுக் குடுக்கறேன்." எங்கோ ஒரு பைக் போயிற்று. கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தாள். "அக்கா" என்றாள் நர்ஸ், மெதுவாக. "நல்லவேளை சொன்னீங்க. நோட்டுல வேற மாதிரி எழுதியிருக்கேன், அதை மாத்திடறேன். திங்கக்கிழமை டாக்டர்கிட்டயும் இதைச் சொல்லணும், நீங்களே சொல்லணும். ஊசி போட்டு ஏத்த முடியுமான்னு பாப்பாரு. கீழ போக வேண்டியும் வரலாம், அத நான் இப்ப சொல்ல முடியாது. ஆனா என்னன்னு தெரிஞ்சு போறது வேற, தெரியாம போறது வேற. இப்ப நான் சொல்றதக் கவனமாக் கேளுங்க, எங்கயும் நகராதீங்க, உங்க பக்கம் லைன் கட்டாயிக் கட்டாயி வருது."

அவள் நகராமல் நின்றாள். அப்போதுதான் பின்வாசலில் ரேணுகா வந்து நின்றது தெரிந்தது. தூக்கம் கலையாத முகம், ஒரு கையில் டம்ளர், படியில் இன்னொரு டம்ளர் வைத்தாயிற்று. மறு உள்ளங்கையில் சிவப்பாக அந்த மாத்திரை. "உனக்கும் சேத்துப் போட்டேம்மா" என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாயில் போட்டாள். டம்ளரை ஊதினாள். கட்டையை விட்டு இறங்கினால் நர்ஸ் போய்விடுவாள். இறங்காவிட்டால் இரண்டு வாய்க்குள் அது உள்ளே போய்விடும். "ரேணு! குடிக்காதே!" என்று பவுனுத்தாய் கத்தினாள். யானையை விரட்டுகிறபோது கூட அவள் அப்படிக் கத்தியதில்லை. "டீயில முழுங்காதே! துப்பு, துப்பிட்டுத் தண்ணியில முழுங்கு! டீயாலதான் உனக்கு ரத்தம் ஏறல. அம்மாதான் தெரியாம குடுத்துட்டேன். நர்ஸ்கிட்டப் பொய்யும் சொல்லிட்டேன். குடிக்காதே கண்ணு!" லைன் முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு பின்கதவாகத் திறந்தது. லூர்தம்மா டம்ளரோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். அவள் பின்னால் மருமகள், அவள் கையிலும் ஒரு டம்ளர். ரேணுகா மாத்திரையை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அம்மாவையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். டம்ளரைக் குனிந்து படியில், கீரை முறத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். குனிய அவளுக்கு நேரம் எடுத்தது. "யாருகிட்டக்கா பேசறீங்க? கேக்குதா?" என்று போனில் நர்ஸ் கூப்பிட்டாள். "கேக்குது சிஸ்டர். சொல்லுங்க. நான் சத்தமாத் திருப்பிச் சொல்றேன்." அவள் சொல்லச் சொல்ல இவள் உரக்கச் சொன்னாள். மாத்திரை தண்ணீரில் மட்டும். முடிந்தால் எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில். குமட்டினால் ஒரு துண்டு நெல்லிக்காய். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் டீ கிடையாது, பின்னால் ஒரு மணி நேரம் கிடையாது. சொல்லும்போது குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, அவள் நிறுத்தவில்லை. லூர்தம்மா மருமகளின் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். அதற்குள் ஒரு தரம் பார்த்தாள். பிறகு கேலி எதுவும் இல்லாத குரலில், தன் பின்வாசலிலிருந்தே கேட்டாள்: "ஏ பவுனு, பின்னால ஒரு மணி நேரமா, ரெண்டு மணி நேரமா? நல்லாக் கேட்டுச் சொல்லு."

பவுனுத்தாய் கட்டையிலிருந்து இறங்காமல், மறுபடியும் கேட்டாள்.